செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: லயமும் கிராம சபையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மூணாறு மலைத் தோட்டங்களில் வாழும் நம் உறுப்பினர்களுக்காக இவ்வாண்டு நடந்த பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். வழக்கமான கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க அரசும் பஞ்சாயத்தும் செலவிடும் பணம் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின்) வாசல்வரை வருமா என்ற ஒரே கேள்வியில்தான் ஆண்டின் பெரும்பகுதி சென்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களில் இருந்த 70 பேர் மாண்டதும், அவர்களில் நால்வரின் உடல் கிடைக்காமலே போனதும் நாம் அறிந்தவை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணில் புதைந்தன. சரிவுக்குக் கீழே குடியிருக்க நம் முன்னோர் இடம் பார்த்து வரவில்லை. லயம் போட்ட இடத்தில் குடியேற்றப்பட்டார்கள்.

2050க்குள் கரியுமிழ்வைச் சமன்செய்வது கேரள அரசின் இலக்கு. அதற்கான திட்டம் எதை எடுத்தாலும் சொந்த நிலம் உள்ளவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. கூரைமேல் சூரிய மின்தகடு பொருத்த 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போன நம் உறுப்பினர் ஒருவரிடம், கூரை யாருடையது, கரம் (வரி) கட்டிய ரசீது எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர் கையில் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் மட்டுமே இருந்தன. வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்து, நட்டு வளர்த்த மரத்தை ஈடாகக் கொண்டு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் தரும் திட்டத்தை வகுத்தது பாராட்டத்தக்கது. நம் மக்களோ தேயிலைக் காட்டின் நிழல்மரங்களைத் தலைமுறையாகப் பராமரித்தும், ஈடு வைக்க ஒரு மரமும் இல்லாதவர்கள்.

தோட்டத் தொழிலாளர்க்கு வீடு கொடுப்பது சட்டப்படி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே தனியார் இடத்தில் பஞ்சாயத்துப் பணத்தைப் போட முடியாது என்பதே நமக்குக் கிடைத்துவரும் பதில். நிர்வாகத்தைக் கேட்டால் அரசைக் காட்டுகிறது. ஒழுகும் கூரை மட்டும் யாரையும் காட்டாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கிராம சபையை வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வர வேண்டும் என்பது விதி. கொழுந்து எடுக்கும் நாளில் கூட்டம் வைத்து, அறிவிப்பை மலையாளத்தில் மட்டும் ஒட்டினால் ஒருநாள் கூலியை விட்டு யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை கூட்ட வேண்டும், தமிழிலும் அறிவிக்க வேண்டும் என்று மனு கொடுத்தோம். வார்டு மெம்பர் ஒப்புக்கொண்டார். அடுத்த சபைக்குப் பெண்கள் திரளாக வந்து, கனமழை எச்சரிக்கை வந்தால் எந்த லயத்தார் எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள். சாவி பற்றிய கேள்விக்கு மட்டும் அன்றே பதில் கிடைத்தது.

சரிவுக்குக் கீழும் ஓடையோரத்திலும் உள்ள லயங்களின் பட்டியலைப் பஞ்சாயத்து தயாரித்து வெளியிட வேண்டும் என்றும், பருவநிலைத் திட்டங்களில் லயவாசிகளுக்குக் கரம் ரசீதுக்குப் பதில் குடியிருப்புச் சான்றை ஏற்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் கோரும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்