கார்பெட்டைச் சுருட்டிய பிறகு: லமார் ஹன்ட் அவர்களுக்கு

மதிப்புக்குரிய லமார் ஹன்ட் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் காலமானது 2006 டிசம்பரில். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். உங்களோடு போடுவதற்கு ஒரு சண்டையும் இருக்கிறது. சண்டையை முதலில் முடித்துக்கொள்வோம், சேதி கடைசியில்.

நான் சென்னைக்காரன். எங்கள் ஊரிலும் பெரிய டென்னிஸ் போட்டி ஒன்று இருந்தது. 1997 முதல் 2017 வரை நடந்தது, 2018ல் புனேவுக்குப் போய்விட்டது. அது போன கடுப்பில், காணாமல்போன பழைய போட்டிகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனதில் டாலஸ் வந்து சேர்ந்தேன். 1971 முதல் 1989 வரை நீங்கள் நடத்திய டபிள்யூ.சி.டி. இறுதிப் போட்டி. வேர்ல்ட் சாம்பியன்ஷிப் டென்னிஸ் என்பது முழுப் பெயர். பெயரிலேயே உலகத்தைச் சேர்த்துக்கொண்டீர்கள். உங்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் இருந்த லீக் உங்களுக்கு அணி தரவில்லை என்றதும் தனியாக ஒரு லீக்கையே தொடங்கியவர் நீங்கள். அந்த விளையாட்டின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலின் பெயர்கூட, உங்கள் பிள்ளைகள் வைத்து விளையாடிய ரப்பர் பந்தின் பெயரிலிருந்து உங்களுக்குத் தோன்றியது என்கிறார்கள். அந்த லீக்கில் ஒரே வருஷத்தில் பத்து லட்சம் டாலர் நஷ்டமானபோது யாரோ போய் எண்ணெய்ச் சீமானான உங்கள் அப்பாவிடம் கவலைப்பட்டார்களாம். இதே வேகத்தில் போனால் பையனிடம் இருக்கிற பணம் இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் தாங்கும் என்றாராம் அவர். உண்மையோ இட்டுக்கட்டியதோ, டென்னிஸுக்குள் நீங்கள் வந்த விதத்துக்குப் பொருத்தமான கதை.

அந்த நாளில் டென்னிஸ் இருந்த நிலை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1968 வரை விம்பிள்டனில் பணம் வாங்கி ஆடுகிறவருக்கு இடமில்லை. நட்சத்திரங்கள் மேசைக்கு அடியில் வாங்கினார்கள், மேசைக்கு மேலே கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிப்படையாகக் காசு வாங்கிய கென் ரோஸ்வாலுக்கும் ராட் லேவருக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். ரோஸ்வால் 1957ல் தொழில்முறைக்குப் போனவர். அடுத்த பதினோரு வருஷம், அதாவது ஓர் ஆட்டக்காரனின் முழு இளமையும், கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகள்) பக்கமே வரமுடியவில்லை.

1967ல் நியூ ஆர்லியன்ஸ்காரர் டேவ் டிக்சனும் நீங்களும் உங்கள் அக்கா மகன் அல் ஹில்லும் சேர்ந்து எட்டுப் பேரை ஒப்பந்தம் செய்தீர்கள். நியூகோம்ப், ரோச், டிரைஸ்டேல், டெய்லர், பிலிச், பார்த்தேஸ், புக்ஹோல்ஸ், ரால்ஸ்டன். ‘ஹேண்ட்சம் எயிட்’ என்று விளம்பரம். (டோனி ரோச் படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்தை எப்படி எடுத்துக்கொண்டார்களோ!) 1968 பிப்ரவரியில் அமெரிக்காவில் உங்கள் முதல் ஆட்டம் கான்சாஸ் சிட்டியில், கால்நடைக் கண்காட்சி நடக்கும் அரங்கில். வெள்ளை உடைக்குப் பதில் கலர் உடை. பதினைந்து, முப்பது என்ற கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, டேபிள் டென்னிஸ் மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணும் முறை. கூட்டம் கத்தலாம் என்று அனுமதி வேறு. கைதட்டக்கூடப் புள்ளி முடியும்வரை காத்திருக்கும் விளையாட்டில் இதெல்லாம் அபச்சாரம். டிக்சன் கொஞ்ச நாளிலேயே கையைக் கடித்துக்கொண்டு விலகினார். நீங்கள் விலகவில்லை.

1971ல் உங்கள் திட்டம் முழு வடிவத்துக்கு வந்தது. 32 ஆட்டக்காரர்கள், உலகம் சுற்றி 20 போட்டிகள், புள்ளிகளில் முதல் எட்டு இடம் பிடித்தவர்களுக்கு ஆண்டு முடிவில் டெக்சஸில் இறுதிச் சுற்று. ஜெயித்தவருக்கு 50,000 டாலர். அதே வருஷம் விம்பிள்டன் ஆண்கள் பட்டத்துக்குக் கொடுத்தது 3,750 பவுண்டு. அன்றைய மாற்று விலையில் சுமார் 9,000 டாலர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லண்டன்காரர்களுக்கு உங்கள்மேல் ஏன் அத்தனை எரிச்சல் என்பது புரிந்துவிடும்.

முதல் வருஷம் டாலஸ் மெமோரியல் ஆடிட்டோரியத்தில் ரோஸ்வால் லேவரைத் தோற்கடித்தார். 6-4, 1-6, 7-6, 7-6. நல்ல ஆட்டம்தான். ஆனால் மக்கள் பேசுவது அடுத்த ஆட்டத்தை.

1972 மே 14. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த மூடி கொலிசியம். கூடைப்பந்து அரங்கின் தரைமேல் கார்பெட் விரித்து டென்னிஸ் கோர்ட் ஆக்கியிருந்தீர்கள். நம் ஊரில் கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துக் கச்சேரி வைப்போமே, ஏறக்குறைய அப்படி. (அந்நாளில் பேர்போன டென்னிஸ் கார்பெட் ஒன்றுக்கு ‘சுப்ரீம் கோர்ட்’ என்று பெயர். தமிழில் எழுதும்போது நீதிபதிகள் வந்து நிற்கிறார்கள்.) எதிரெதிரே அதே இரண்டு பேர். ரோஸ்வாலுக்கு 37 வயது, லேவருக்கு 33. மூன்றரை மணி நேரம். அமெரிக்காவில் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் டிவியில் பார்த்ததாகக் கணக்கு. அதன் மங்கலான பதிவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

4-6, 6-0, 6-3, 6-7. ஐந்தாவது செட்டும் 6-6. அன்றைய விம்பிள்டனில் என்றால், சமநிலையில் நிற்கும் செட்டைச் சில புள்ளிகளில் முடித்துவைக்கும் டை-பிரேக் ஐந்தாவது செட்டில் கிடையாது, யாராவது ஒருவர் விழும்வரை ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். உங்கள் போட்டியில் உண்டு. ஏழு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம். லேவர் 5-4 முன்னிலை. அடுத்த இரண்டு சர்வும் அவருடையது. உலகத்திலேயே நல்ல இடக்கை சர்வ்களில் ஒன்று, இரண்டு புள்ளி எடுத்தால் பட்டம். அவர் ரோஸ்வாலின் பேக்ஹேண்டுக்குப் போட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உலகத்திலேயே அழகான பேக்ஹேண்ட் எது என்று டென்னிஸ் உலகம் முழுக்கக் கேட்டிருந்தால் அன்று ஒரே பதில்தான் வந்திருக்கும். இரண்டு ரிட்டர்ன், இரண்டும் லேவரைத் தாண்டிப் போயின. 6-5. அடுத்து ரோஸ்வாலின் சர்வ், வேகமே இல்லாத சர்வ் என்று எல்லோரும் கேலி பேசியது. லேவரால் அதைத் திருப்ப முடியவில்லை.

விம்பிள்டனில் நான்கு முறை இறுதிவரை போய் ஒருமுறைகூட ஜெயிக்காதவர் ரோஸ்வால். உங்கள் டாலஸை இரண்டு முறை ஜெயித்தார். நான்கு கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருஷத்தில் வெல்வதை இரண்டு தடவை செய்துகாட்டிய லேவருக்கு டாலஸ் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

இங்கேதான் என் சண்டை. அதற்கு அடுத்த மாதம் விம்பிள்டன். இந்த இருவரும் அங்கே இல்லை. முந்தைய இரண்டு வருஷமும் ஜெயித்த நியூகோம்பும் இல்லை. உங்கள் ஒப்பந்த ஆட்டக்காரர்களுக்கு 1972 முதல் இடமில்லை என்று சர்வதேசச் சம்மேளனம் தடை போட்டிருந்தது. ஏப்ரலில் சமாதானம் ஆனீர்கள், ஆனால் அந்த வருஷ விம்பிள்டனுக்கு அது காலம் கடந்த சமாதானம். அவர்கள் பிடிவாதக்காரர்கள், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஆட்களை அனுப்பப் பணம் கேட்டுப் பேரம் பேசியது நீங்கள்தானே? 37 வயதில் அப்படி ஆடிக்கொண்டிருந்த மனிதனுக்கு விம்பிள்டனில் மிச்சமிருந்த வாய்ப்புகளில் ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பறித்தீர்கள். இதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

சரி, சண்டை முடிந்தது. இனி ஒரு நன்றி. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள்.

இரட்டையருக்கென்று தனியாக ஓர் இறுதிப் போட்டி வைத்தீர்களே, 1973ல் மான்ட்ரியாலில்? உங்கள் பழைய எட்டுப் பேரில் ஒருவரான நிக்கி பிலிச் அதற்குத் தகுதி பெற்றார். அதே சமயத்தில் அவருடைய நாடான யூகோஸ்லாவியாவுக்கு நியூசிலாந்தோடு டேவிஸ் கோப்பை ஆட்டம், நாடுகளுக்கிடையே நடப்பது. பிலிச் மான்ட்ரியாலுக்குப் போனார், நாடு தோற்றது, சம்மேளனம் தடை விதித்தது. அந்தத் தடைக்காலம் விம்பிள்டனையும் சேர்த்துக்கொண்டது. புதிதாகத் தொடங்கியிருந்த ஆட்டக்காரர் சங்கமான ஏ.டி.பி. கொதித்தெழ, 81 பேர் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள். காலியான அந்த வருஷத்தில் 19 வயது மெட்ராஸ் பையன் ஒருவன் காலிறுதிவரை போனான். கடைசியில் பட்டம் வென்ற யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றான். விஜய் அமிர்தராஜ். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் டென்னிஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதே அவர் பெயரால்தான். திறமை அவருடையது, அதில் உங்களுக்குப் பங்கில்லை. அதே வருஷம் அமெரிக்க ஓப்பனில் அவர் லேவரையே தோற்கடித்தார், அங்கே புறக்கணிப்பு எதுவும் கிடையாது. இருந்தாலும் லண்டனில் அந்தக் கதவு அத்தனை அகலமாகத் திறந்ததற்குப் பின்னால், சுற்றி வளைத்து, உங்கள் மான்ட்ரியால் இருக்கிறது.

கதை அதோடு நிற்கவில்லை. 1977ல் அந்த இரட்டையர் இறுதிப் போட்டி கான்சாஸ் சிட்டிக்கு வந்திருந்தது, நீங்கள் மாட்டுக் கண்காட்சி அரங்கில் ஆரம்பித்த அதே ஊர். ஜெயித்தது டிக் ஸ்டாக்டனும் விஜய் அமிர்தராஜும். கெருலைட்டிஸ், பனாட்டா ஜோடியை நான்கு செட்டில் சாய்த்தார்கள். டபிள்யூ.சி.டி. உலக இரட்டையர் பட்டியலில் ஒரு தமிழர் பெயர் இருக்கிறது என்பது இன்று சென்னையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டாக்டன் அதே வருஷம் டாலஸில் ஒற்றையர் இறுதிக்கும் போய் கானர்ஸிடம் தோற்றார்.

நடுவில் வந்த நல்ல வருஷங்களை நீங்களே அரங்கில் உட்கார்ந்து பார்த்தீர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. 1975ல் ஆர்தர் ஆஷ் டாலஸில் போர்கை வென்ற கையோடு லண்டன் போய் விம்பிள்டனையும் வென்றாரே, அதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். அப்புறம் 1983. மெக்கன்ரோவும் லெண்டிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆடி, மறுபடியும் ஐந்தாவது செட், மறுபடியும் டை-பிரேக். மெக்கன்ரோ 7-0 என்று முடித்தார். அவ்வளவு நெருக்கமான ஆட்டம் அப்படி ஒருதலையாக முடிந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனால் அதற்குள் போட்டி உள்ளுக்குள் நோய்ப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் கிராண்ட் பிரீ என்று ஒரு சுற்று, அதன் முடிவில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மாஸ்டர்ஸ். இன்னொரு பக்கம் நீங்கள். 1978ல் சேர்ந்தீர்கள், 1982ல் பிரிந்தீர்கள், வழக்குப் போட்டீர்கள், 1985ல் மறுபடி சேர்ந்தீர்கள். கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை மாதிரி இழுத்துக்கொண்டே போனது. உலக சாம்பியன் யார் என்று கேட்டால் விம்பிள்டன் ஒருவரைக் காட்டும், மாஸ்டர்ஸ் ஒருவரைக் காட்டும், டாலஸ் இன்னொருவரைக் காட்டும். பார்க்கிறவன் எத்தனை உலக சாம்பியனைத்தான் நினைவில் வைத்துக்கொள்வான்? உங்கள் பரிசுப் பணமும் பழையபடி யாரையும் மிரட்டவில்லை, எல்லோரும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1990ல் ஆட்டக்காரர்களே ஏ.டி.பி. சுற்றைத் தொடங்கினார்கள், கிராண்ட் பிரீயும் உங்கள் சுற்றும் ஒன்றாக மறைந்தன. 1989ல் ரியூனியன் அரீனாவில் நடந்த கடைசி இறுதி ஆட்டத்தில் பிராட் கில்பர்ட்டை வென்றவர் மெக்கன்ரோ. 20 வயதில் முதல் பட்டம், 30 வயதில் ஐந்தாவது. அவருக்கு முன்பும் பின்பும் ஐந்து முறை யாரும் ஜெயிக்கவில்லை, இனி முடியவும் முடியாது.

நீங்கள் போன பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2009ல் ஏ.டி.பி. சுற்று கார்பெட்டைக் கைவிட்டது, சுருட்டிக் கொண்டுபோய் எங்கே வைத்தார்களோ. ரியூனியன் அரீனாவையும் அதே வருஷம் இடித்துத் தள்ளினார்கள். 2022ல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் கடைசி செட்டுக்கு டை-பிரேக்கைப் பொதுவாக்கின, பத்துப் புள்ளிக் கணக்கில். நீங்கள் 1971லேயே டை-பிரேக்கோடு இறுதிப் போட்டி நடத்தினீர்கள் என்று யாரும் நினைவுகூரவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது சேதி. 2022 பிப்ரவரியில் டாலஸுக்கு மறுபடியும் ஆண்கள் உள்ளரங்க டென்னிஸ் வந்தது. டாலஸ் ஓப்பன் என்று பெயர். நடந்த இடம் அதே சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அரையிறுதியில் ஐஸ்னரும் ஒபெல்காவும், இரண்டு பேரும் ஏழடி உயரத்தைத் தொடும் ஆட்கள், சர்வ் போட்டால் பந்து கண்ணில் படாது. முதல் செட் டை-பிரேக்கில் ஒபெல்காவுக்கு. இரண்டாவது செட்டும் 6-6. அந்த டை-பிரேக் முடியவே மாட்டேன் என்றது. பத்துக்குப் பத்து, பதினைந்துக்குப் பதினைந்து, இருபதுக்கு இருபது. கடைசியில் 24-22 என்று ஒபெல்கா ஜெயித்தார். மொத்தம் 46 புள்ளிகள், ஏ.டி.பி. சுற்றின் வரலாற்றிலேயே நீளமான டை-பிரேக். ரோஸ்வாலின் அந்த இரண்டு பேக்ஹேண்டுக்கு ஐம்பது வருஷம் கழித்து, அதே வளாகத்தில்.

இப்படிக்கு,
நுங்கம்பாக்கத்தில் காலி இருக்கைகளை இன்னும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு ரசிகன்