வள்ளம் கடந்த வெளிச்சம்

திருகோணமலை,
புரட்டாதி.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததை அறிந்து பெரிய நிம்மதி. இங்கே கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. மாரி தொடங்க இன்னும் சில கிழமை இருக்கிறது, இரவு வானம் கழுவி வைத்தது போல் கிடக்கிறது.

போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “யாருமே பார்க்காத கோளை வாயுக் கோள் என்று எப்படிச் சேர் சொல்லலாம்?” உடனே டச்சு விரிகுடா மதிலில் நாம் குந்தியிருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. தூரத்துக் கப்பல் விளக்கு ஒரு கணம் மறைந்து எரிந்தால், “வள்ளம் ஒன்று குறுக்கே போகுது” என்பாய். வள்ளம் நம் கண்ணில் பட்டதேயில்லை.

அதையே அவளுக்குச் சொன்னேன். பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் எச்டி 209458 என்று ஒரு விண்மீன். 1999 செப்டம்பரில் டேவிட் சார்போனோ என்ற ஆராய்ச்சி மாணவர், வெறும் 10 சென்ரிமீற்றர் அகலத் தொலைநோக்கியால் அதன் ஒளியை அளந்தார். சுமார் மூன்று மணி நேரம் வெளிச்சம் நூறில் ஒன்றரைப் பங்கு குறைந்து, பிறகு பழையபடி வந்தது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை அப்படி நடக்கிறது. நம் வள்ளம் போல, கோள் ஒன்று அதன் குறுக்கே கடந்து போகிறது. அதே ஆண்டு கிரெக் ஹென்றி என்ற வானியலாளரும் தனியாக அதைக் கண்டார்.

மச்சான், இனித்தான் விஷயமே. கோள் இழுக்கும்போது விண்மீன் தள்ளாடும் அல்லவா? அந்தத் தள்ளாட்டத்திலிருந்து திணிவு தெரிந்தது: வியாழனின் 0.7 பங்கு. மறைத்த ஒளியிலிருந்து பருமன் தெரிந்தது: விட்டம் வியாழனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. திணிவு குறைவு, உடம்போ பெரிது. விட்டத்திலிருந்து கனவளவைக் கண்டு, திணிவை அதனால் வகுத்துப் பார்த்தால் அடர்த்தி தண்ணீரின் பாதிகூட இல்லை. பாறையாக இருக்க வழியேயில்லை, வாயுதான். கரும்பலகையில் அந்த வகுத்தலை அவளே செய்து முடித்தாள். விடை வந்ததும் சோக்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். இத்தனை வருடப் படிப்பித்தலில் அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை இரவு பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு நிலாவெளிக் கரைக்குப் போனேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன் அது. வரைபடத்தை வைத்து ஒரு மணி நேரம் தேடிப் பிடித்தேன். சின்னப் பொட்டுத்தான். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 160 வருடமாம். என் கண் கலங்கிவிட்டது, உனக்குச் சொல்ல என்ன வெட்கம்.

2004 ஜூன் 8 நினைவிருக்கிறதா? உன் அப்பாவின் பைனாகுலரால் வெள்ளைத்தாளில் சூரியனை விழுத்தி, வெள்ளி கறுப்புப் புள்ளியாய் ஊர்ந்து போனதைப் பார்த்தோமே. அதுவும் இதே கடப்புத்தான். அந்தப் பைனாகுலர் இன்னும் உன்னிடம் இருந்தால் வரும்போது கொண்டு வா. அவளுக்குக் காட்ட வேண்டும். மார்கழியில் வராதே, மழை. ஆவணியில் வா.

உன்
கூட்டாளி