கதவை இழைக்கும் முன் கீலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் கதவு சாத்த முடியாவிட்டால் ஓரத்தை இழைத்துவிடுங்கள் என்று வீட்டுப் பராமரிப்புக் குறிப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம். ஈரத்தில் மரம் ஊதுவது உண்மைதான். ஆனால் நிலையில் எங்கும் உரசாமல், கடைசி ஓரிரு அங்குலத்தில் கதவு எகிறித் திரும்பினால் கோளாறு பெரும்பாலும் கீல் பக்கம்தான். அதற்கு மரத்தை இழைத்தால், பங்குனி வெயிலில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும்.

கதவைத் திறந்துவைத்துக் கீல் தகட்டின் மேல் விரலை ஓட்டுங்கள். திருகாணித் தலை தட்டுப்படக் கூடாது. மூடிய கீலின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர்தான். தலை நீட்டிக்கொண்டிருந்தால் எதிர்த் தகட்டில் மோதும்; மோதிய தலை தேய்ந்து பளபளக்கும்.

தலை ஏன் நீட்டுகிறது? பழைய துளை தளர்ந்ததும் 8-ஆம் நம்பர் திருகாணி இருந்த இடத்தில் அதைவிடப் பருமனான 10-ஆம் நம்பரைப் போடுகிறார்கள். தகட்டில் உள்ள கூம்புக் குழி 8-க்கு அளவெடுத்தது; 10-இன் தலை அதில் முழுதாக இறங்காது. தளர்ந்த துளையில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்ததும் சமமாக வெட்டி, அதே நம்பரைப் போடுவதே முறை. ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணியும் கீலுக்கு ஆகாது. அதன் தலை அடியில் வளைந்திருப்பதால் குழியில் உட்காராது. தேக்கில் முறுக்கினால் கழுத்தும் ஒடியும்.

திருகாணியை முக்கால்வாசி சுத்தியலால் அடித்துவிட்டு, மிச்சத்தைத் திருகுவது நம் ஊரில் சகஜம். அடிக்கும்போது மரை (திருகாணியின் சுருள் வெட்டு) மரநாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. பிறகு பிடிப்பது கடைசியாகத் திருகிய சில சுற்று மட்டுமே. சாய்ந்து இறங்கினால் தலையின் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். முதலில் துளை போட வேண்டும்: 8-ஆம் நம்பருக்குத் தேக்கில் 3 மி.மீ., மென்மரத்தில் 2.5 மி.மீ. டிரில் பிட்டைத் திருகாணிக்கு முன்னால் பிடித்தால் நடுத்தண்டு மறைந்து மரை மட்டும் இருபுறமும் தெரிய வேண்டும். மரையில் மெழுகு தடவுங்கள். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளைத் திருகாணி என்றால் அதே அளவு இரும்பை முதலில் ஏற்றிக் கழற்றிய பிறகே பித்தளை.

தகடு இல்லாமல் மரத்திலேயே தலையைப் புதைக்க, கூம்புக் குழி வெட்டும் கவுண்டர்சிங்க் பிட் வேண்டும். மெட்ரிக் திருகாணித் தலையின் கோணம் 90 பாகை. இணையத்தில் வாங்கும் அமெரிக்க பிட் பல 82 பாகை. அதில் தலையின் விளிம்பு மட்டுமே பதியும், உலோகத் தகட்டில் இது நன்றாகவே தெரியும். பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிட் அதிர்ந்து குழி வட்டமாக இல்லாமல் பல கோணமாகும். ஆழம் பார்க்கத் திருகாணியைத் தலைகீழாகக் குழியில் வையுங்கள். தலையின் விளிம்பும் குழியின் வாயும் பொருந்தினால் போதும். பிளைவுட்டில் இதற்கு மேல் இறக்கினால் மெல்லிய மேல் ஏடு அறுந்து பிடிப்பு குறையும். (தலைக்கு மேல் பட்டி, அதாவது குழியை அடைக்கும் பசை, வைத்து மூட வேண்டுமென்றால் மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதல், அதுவும் கட்டை மரத்தில்.)

பீடிங் எனும் மெல்லிய மரப்பட்டையை அடிக்கும் சிறு ஆணிக்கு வேலை சுலபம். தலை 2 மி.மீ. வெளியே இருக்கும்போதே சுத்தியலை நிறுத்தி, ஆணித்தலையைவிடச் சற்றுச் சிறிய முனையுள்ள பஞ்ச் (ஆணியை உள்ளே தள்ளும் இரும்புக் குச்சி) வைத்து மேற்பரப்புக்குக் கீழே 2 மி.மீ. இறக்குங்கள். சுத்தியலாலேயே முடித்தால் மரத்தில் பிறைத் தழும்பு விழும். பெயின்ட் அடிக்கும் மரமானால் பிரைமர் காய்ந்த பிறகுதான் எண்ணெய்ப் பட்டி வைக்க வேண்டும். பிரைமர் அடிக்காத வெறும் மரத்தில் வைத்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும், பட்டி உதிரும். காயும்போது பட்டி சுருங்கும் என்பதால் சற்று மேடாக வைத்து, மறுநாள் உப்புத்தாள் போடுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலை தெரிந்த ஒரு வாசகர்,
கும்பகோணம்.