யூரோப் படகோட்டிகளுக்குப் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பருவம் தொடங்குமுன் விலைப்பட்டியலும் வேலை வரிசையும் மட்டும் அனுப்புவதுதான் வழக்கம். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொருள்களின் விலை ஏறியிருக்கிறது, பாய் வெட்டும் மேசையில் ஆள் குறைந்திருக்கிறது. இரண்டையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது மூன்றாவது ஒரு விஷயம். போன பருவக் கடைசியிலிருந்து கரையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: "நல்ல பாய்மரங்களை வேண்டியவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்கள் தலையில் கட்டுகிறார்கள்" என்று. உங்களில் சிலர் நேரிலேயே வந்து கேட்டீர்கள். அவர்களுக்கு நன்றி. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறோம்.

யூரோப் என்ற இந்தச் சிறு பாய்ப்படகு வகுப்பு எங்கிருந்து மீண்டு வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மோத் என்ற சிறு தனியாள் பாய்ப்படகிலிருந்து கிளைத்து, 1960களில் பெல்ஜியத்தின் அலோயிஸ் ரோலண்ட் கையில் உருவானது. 3.35 மீட்டர் நீளம், 45 கிலோ ஹல் (படகின் உடல்), ஏறக்குறைய 7 சதுர மீட்டரில் ஒரே பாய், ஓட்ட ஒரே ஆள். 1992 பார்சிலோனாவில் பெண்களுக்கான தனியாள் படகாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. லிண்டா ஆண்டர்சன், கிறிஸ்டின் ரூக், ஷெர்லி ராபர்ட்சன், சிரென் சுண்ட்பி என நான்கு ஒலிம்பிக்கில் நான்கு பேர் இதில் தங்கம் வாங்கினார்கள். 2004 ஏதென்ஸோடு அது முடிந்தது. 2008இல் அந்த இடத்துக்கு லேசர் ரேடியல் என்ற வேறொரு தனியாள் படகு வந்ததும், யூரோப் வைத்திருந்த பலர் அதைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு வழி பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒலிம்பிக் போனால் பயிற்சியாளர் போவார், பணம் போகும், இளையவர்கள் போவார்கள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற நாடுகளில் விடாப்பிடியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களால்தான் வகுப்பு உயிரோடு இருந்தது.

இப்போது அந்தக் கொட்டகைப் படகுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் முழங்கால் இடிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள். இருபது வயதில் விட்டதை இப்போது தொடர வருகிறார்கள். 59 கிலோ லேசர் ஹல்லைத் தனியாகக் கரையேற்றிச் சலித்தவர்களும் வருகிறார்கள். இன்றைக்கு இதைவிட லேசான தனியாள் படகு இல்லையா என்றால், இருக்கிறது. ஆர்எஸ் ஏரோவின் ஹல் 30 கிலோதான். ஆனால் தன் உடல் எடைக்குப் பார்த்துப் பாய்மரமும் பாயும் அமைத்துக்கொள்ளும் வசதியை யூரோப் தருகிறது. மெல்லிய உடம்புக்காரருக்கு அது பெரிய விஷயம். வந்திருக்கும் பிரச்சினையும் அங்கேதான்.

நடந்ததைச் சொல்கிறோம். ஒரே பருவத்தில் எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு பாய்மரங்கள் போயின. ஒன்றை வைத்து ஓட்டியவர் பரிசு மேடையில் நின்றார். இன்னொன்று, "மரம் நொய்ந்திருக்கிறது, காற்றுக்கு நிற்கவில்லை" என்று திரும்பி வந்தது. பேச்சு அங்கிருந்து கிளம்பியது. இரண்டும் ஒரே அச்சில், ஒரே கார்பன் இழையில், ஒரே பிசினில் சுற்றப்பட்டவை. வேறுபாடு மேல் பாதியில் எத்தனை அடுக்கு இழை போட்டோம் என்பதில் மட்டும்தான். அது ஓட்டுபவரின் எடையைப் பார்த்து, வேண்டுமென்றே செய்த வேறுபாடு.

யூரோப் பாய்மரத்துக்குக் கட்டுக்கம்பி கிடையாது. தளத்தில் உள்ள வளையத்திலும் அடிக்குழியிலும் மட்டுமே நிற்கிறது. கம்பியை இழுத்தும் தளர்த்தியும் வளைவைத் திருத்த வழியில்லை. பாயின் கீழ்க்கட்டையைக் கீழே இழுக்கும் வேங்கும், பாயின் முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாமும் ஓரளவு உதவும், ஆனால் மரத்துக்குள் இல்லாத குணத்தை அவை கொண்டுவராது. பலமான காற்று ஒன்று வந்து மோதும்போது மரத்தின் மேல்பகுதி பக்கவாட்டில் வளைகிறது. பாயின் பின்விளிம்பு மேலே திறந்துகொள்கிறது. மிஞ்சிய காற்று வழிந்து போகிறது. படகு சாயாமல் முன்னே ஓடுகிறது. 52 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது உயிர்நாடி. அவருக்கு விறைப்பான மரத்தைக் கொடுத்தால் எவ்வளவு வெளியே சாய்ந்தாலும் படகை நிமிர்த்த முடியாது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான ஷீட்டை விட்டு விட்டுப் பிடிப்பார், படகு பக்கவாட்டில் நழுவும். அதே நொய்ந்த மரத்தை 70 கிலோ ஆளுக்குக் கொடுத்தால் கதை தலைகீழ். அவர் உடம்பால் தாங்கக்கூடிய காற்றையெல்லாம் மரம் கீழே கொட்டிவிடும். காற்றை எதிர்த்து ஏறும்போது பக்கத்துப் படகு மேலே மேலே போக, இவர் படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டே வரும். ஒருவரின் மூக்குக்கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்காரரைக் கோபித்துக்கொள்வது போலத்தான் இது.

பாயும் இதோடு சேர்ந்ததுதான். பாயின் முன்விளிம்பை நேர்கோட்டில் வெட்டுவதில்லை. மரம் முன்பக்கமாக எவ்வளவு வளையுமோ அந்த அளவுக்குப் புடைப்பு வைத்து வெட்டுகிறோம். மரம் அதைவிட அதிகம் வளைந்தால் பாயின் பின்மூலையிலிருந்து மரத்தின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும். குறைவாக வளைந்தால் பாய் தேவைக்குமேல் பைபோல உப்பிக்கொள்ளும். திரும்பி வந்த மரத்தோடு எங்களுக்கு வந்த படத்தில் அந்தச் சாய்வுச் சுருக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. பழைய பாயைப் புதிய மரத்தில் ஏற்றியிருந்தார்கள்.

எங்களிடம் வந்த ஆர்டர் தாளில் ஓட்டுபவர் எடை 56 கிலோ என்று இருந்தது. மரம் அதற்காகச் செய்யப்பட்டது. போட்டிக்குப் போன நேரத்தில் அவர் வளர்ந்து பத்துக் கிலோவுக்குமேல் கூடியிருந்தார். வளரும் வயதில் அது நடக்கத்தான் செய்யும். அவர் மேலோ பெற்றோர் மேலோ எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் அந்த மரம் மட்டம் அல்ல. அதை இப்போது எடை குறைந்த இன்னொருவர் ஓட்டுகிறார், மகிழ்ச்சியாகவே ஓட்டுகிறார்.

"வேண்டியவர்களுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள்" என்ற சொல்தான் எங்களைச் சுட்டது. விலை அதிகம் என்று சொல்லுங்கள், தாமதம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு மரமும் பட்டறையை விட்டு வெளியே போகுமுன் இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தப்படுகிறது. நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று முன்பின்னாக ஒருமுறை, பக்கவாட்டாக ஒருமுறை அளக்கிறோம். பிறகு அடியை இறுக்கிப் பிடித்து நுனி எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கிறோம். இந்த எண்கள் ஓர் அட்டையில் எழுதப்பட்டு மரத்தோடு வருகின்றன. அதன் நகல் இங்கே இருக்கிறது. பேச்சுக்கு ஆளான அந்த இரண்டு மரங்களின் அட்டைகளும் ஆர்டர் தாள்களும், இரண்டு குடும்பங்களின் சம்மதத்தோடு, பட்டறைச் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். உங்கள் மரத்தையும் கொண்டுவாருங்கள், கண்ணெதிரிலேயே அளந்து காட்டுகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொரு முணுமுணுப்பும் காதில் விழுந்தது: புதுப் படகு விற்பதற்காகப் பழைய ஹல்களை "தேறாது" என்று திருப்பி அனுப்புகிறோமாம். பட்டறைக்குள் வந்து பார்த்தவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதே பழைய ஹல்கள்தான். இந்த வகுப்பு மீண்டும் எழுந்ததும் அவற்றால்தான், புதுப் படகுகளால் அல்ல என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒலிம்பிக் காலத்து நல்ல ஹல் ஒன்று, உலர்ந்து இறுகியிருந்தால், இன்றும் முன்வரிசையில் ஓடும்.

உலர்ந்திருந்தால் என்பதுதான் முக்கியம். கண்ணாடியிழை இரண்டு தோல், நடுவே நுரை என்ற அமைப்பில் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் எளிதில் வெளியே வராது. போன வாரம் வந்த ஹல் ஒன்றில் காற்றறை மூடிகளை அடைத்து, கால்பம்பால் மெல்லக் காற்று ஏற்றி, விளிம்பு நெடுகச் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவினோம். தளமும் ஹல்லும் சேரும் விளிம்பில் ஒன்றுமில்லை. நடுப்பலகைக் கூட்டின் பின்மூலையில், கண்ணுக்கே தெரியாத ஒரு விரிசலில், குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. அந்த இடத்தைச் சுரண்டியதும் உள்ளிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். உள்ளே ஊறிய நுரையை உலர்த்தத்தான் வாரக்கணக்காகும். மூடிகளைத் திறந்து, இளஞ்சூடான உலர்காற்றை உள்ளே செலுத்தி, அவ்வப்போது தராசில் ஏற்றி, எடை இறங்குவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அதிக சூடு வைத்தால் தோல் நுரையிலிருந்து பிரிந்துவிடும். உலர்ந்தபின் வகுப்பின் குறைந்தபட்ச எடையான 45 கிலோவுக்குக் கீழே இறங்கினால் குறைகிற எடைக்கு ஈடுகட்டும் துண்டுகளைப் பொருத்தித் தருகிறோம். அந்த வேலைக்குக் கூலி வாங்குவதிலேயே எங்களுக்குச் சந்தோஷம் அதிகம். பாய்மர அடிக்குழி உடைந்து, தளமே பிளந்த ஹல்லுக்கு மட்டும்தான் "வேண்டாம்" என்று சொல்கிறோம். கம்பி இல்லாத மரத்தின் முழுச் சுமையும் அங்கேதான் இறங்குகிறது. ஒட்டுப்போட்ட குழியோடு உங்கள் பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வராது.

விலை விஷயம். கார்பன் இழை, எபாக்சி பிசின், நடுநுரை, பாய்த்துணி, இவற்றைக் கொண்டுவரும் கூலி எல்லாமே ஏறிவிட்டன. இதுவரை இருப்பில் இருந்த பொருளை வைத்துப் பழைய விலையிலேயே ஓட்டினோம். அது தீர்ந்துவிட்டது. மெல்லிய இழைக்கு மாறலாம், அடுக்கைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அதைச் செய்யப் போவதில்லை. புதிய பட்டியல் இந்த மடலோடு இருக்கிறது. முன்பணம் கட்டியிருப்பவர்களுக்கும் மீதித்தொகை அதன்படிதான். பழுது பார்க்கும் கூலியும் உலர்த்தும் கூலியும் பழையபடியே இருக்கும்.

பாய் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் நண்பர் பெரிய பாய்க்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டார். நல்ல வாய்ப்பு, வாழ்த்தி அனுப்பினோம். உங்களில் பாதிப் பேருடைய பாயில் அவருடைய தையல் இருக்கிறது. அவரிடம் பழகிய இளையவர் இப்போது மேசையைப் பார்த்துக்கொள்கிறார். கை சுத்தமான கை, ஆனால் வேகம் வரக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதனால் புதிய பாய்கள் பருவத்தின் முதல் போட்டிகளுக்கு வராமல் போகலாம். பழைய பாயில் சுருக்கம் எடுப்பது, பாயை விறைப்பாக வைக்கும் பட்டிகளைச் செருகும் பைகளைத் தைப்பது போன்றவை தாமதமில்லாமல் நடக்கும்.

வகுப்பு அடங்கிக் கிடந்த வருடங்களிலும் எங்களை விட்டுப் போகாதவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஒரு சுக்கான் ஊசியும் இரண்டு கயிறும் மட்டும் விற்ற காலம் உண்டு. அப்போதும் தேவையே இல்லாமல் வந்து உட்கார்ந்து, படகைப் பற்றிப் பேசிவிட்டுப் போனீர்கள். உங்கள் படகைப் புதியவர்களுக்கு ஓட்டக் கொடுத்தீர்கள். நம் கரையில் இன்று போட்டி வைக்கும் அளவுக்கு யூரோப் படகுகள் நிற்கின்றன என்றால் அதைச் செய்தது நீங்கள்தான். பேச்சு எழுந்தபோதும் உங்களில் பலர் எங்கள் பக்கம் நின்று பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மறக்க மாட்டோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மரமோ பாயோ ஆர்டர் செய்யும்போது, ஓட்டுபவரின் எடையை இன்றைய தேதியில் தராசில் நின்று பார்த்து எழுதுங்கள். வளரும் பிள்ளை என்றால் வயதையும் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வருடம் தாங்கும்படி சற்றே விறைப்பாகச் செய்யலாமா என்று போனில் பேசி முடிவு செய்வோம். பழைய பாயை வைத்துக்கொண்டு புது மரம் வாங்குபவர்கள் பாயையும் கொண்டுவந்து கொடுங்கள். முன்விளிம்பை அளந்து, மரத்தை அதற்குப் பொருந்தும்படி சுற்றித் தருகிறோம். ஹல் அனுப்புபவர்கள் மூடிகளைத் திறந்தே அனுப்பவும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து