ஷட்டரைத் திறந்து வை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாரல் விழுந்தால் மட்டும் முட்டி பிடித்துக்கொள்கிறது. அவள் படுத்தபிறகு திண்ணை லைட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பெரியப்பா பேரன் போட்டோ எடுத்து அனுப்புவான். போனில் பேசினால் நீ "சரிங்கப்பா, வெச்சர்றேன்" என்பாய், அதனால்தான் பேப்பர்.

நீ அனுப்பிய வீடியோவைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து வந்தது 40 செகண்ட். "ஐடிலிங் 1,800-க்குக் கீழ எறங்க மாட்டேங்குதுங்கப்பா, என்னன்னு பாருங்க" என்று ஒரு வரி. பார்த்தேன்.

முதலில் ஒன்று. வண்டியை ஓடவிட்டு வேலை பார்க்கும்போது ஷெட் ஷட்டரை முழுசாகத் திறந்து வை. வீடியோவில் அது மூடியிருந்தது. அங்கே குளிர்காலம் என்று தெரியும், இருந்தாலும் திறந்து வை.

வண்டி நல்ல வண்டி. 94 மாடல் எம்ஆர்2 டர்போ. இந்த வண்டி என் கைக்கு வந்ததில்லை. 1,998 சிசி-யில் 245 குதிரைசக்தியை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே டொயோட்டாக்காரன் எடுத்திருக்கிறான், அதுவும் இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்து. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இன்றைக்கு ஆக்லாந்தில் இப்படி ஒன்றை வைத்திருக்கிறான் என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். எத்தனை சீட் என்று ஒருவர் கேட்டார். இரண்டு என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

ஸ்லோ ஸ்பீடு, நீ சொல்கிற ஐடிலிங், ஏறியிருக்கிறது என்றால் மூடியிருக்க வேண்டிய த்ராட்டிலை, அந்தக் காற்றுக் கதவை, தாண்டிக் காற்று எப்படியோ உள்ளே போகிறது. உன்னுடையது மேப் சென்சார் வைத்த இன்ஜின். இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடுகிற மேனிஃபோல்டில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அதற்குத் தகுந்த பெட்ரோலை அதுவே ஊற்றிவிடும். அதனால் திருட்டுக் காற்று புகுந்தால் இன்ஜின் திணறாது, சந்தோஷமாக ஏறி நிற்கும். அதே எம்ஆர்2-வில் 93-க்கு முந்தின டர்போவில் காற்றை அளக்க மடிப்புப் பலகை இருக்கும், அதில் இதே லீக் வந்தால் மிஸ்ஸிங் அடித்து ஆஃப் ஆகிவிடும். இன்டர்நெட்டில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்கள், உன் வருஷத்தைப் பார்த்துப் படி.

ஆர்பிஎம் முள்ளைக் கவனித்தேன். 1,800-ல் அசையாமல் நிற்கிறது. இது முக்கியம். கால் ஆக்சிலேட்டரில் இல்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்து, இன்ஜினும் சூடாக இருந்தால், இத்தனை ஆர்பிஎம்-ல் பெட்ரோலை வெட்டி வெட்டி விடும். முள் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். உன்னுடையது ஆடவில்லை. அப்படியென்றால் ஒன்று, கால் மிதியில் இருப்பதாக நினைக்கிறது. இல்லை, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைக்கிறது.

அதனால் முதலில் கேபிள். பெடலிலிருந்து பின்னால் இன்ஜின் வரைக்கும் நீளமாகப் போகிற கேபிள் அது. த்ராட்டில் பாடிப் பக்கம் விரலால் அழுத்திப் பார், கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து த்ராட்டில் சென்சாரில் ஐடில் காண்டாக்ட். கால் எடுத்ததும் சேருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார். டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் வயரால் சேர்த்தால் இன்ஜின் லைட் மின்னிக் கணக்குச் சொல்லும். 41 என்றால் த்ராட்டில் சென்சார், 22 என்றால் தண்ணீர் டெம்பரேச்சர் சென்சார்.

டேஷில் சூட்டு முள் பாதியில் நின்றதை நானும் பார்த்தேன். அதை நம்பாதே. முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார். அதோடு இந்த வண்டியில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் வண்டி அடியில் நீளக் குழாய். கூலன்ட் மாற்றியபோது காற்றை ஒழுங்காக எடுக்காமல் விட்டிருந்தால் அது மேலே போய் அடைத்துக்கொள்ளும். த்ராட்டில் பாடிக்கு அடியிலுள்ள ஐடில் வால்வுக்குச் சூடு கொடுப்பதும் அதே தண்ணீர்தான். அதற்குச் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் விடிகாலை என்று நினைத்துத் திறந்தே கிடக்கும். முன்பக்கம் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் காற்று எடுக்கிற இடம் இருக்கிறது. ஒரு நாள் பூராவும் ஆனாலும் பரவாயில்லை, பொறுமையாக எடு.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் லீக் தேடு. ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறடால் நசுக்கிப் பார்: பிசிவி, பிரேக் பூஸ்டர், மற்ற சில்லறை ஹோஸ்கள். எதை நசுக்கினால் ஆர்பிஎம் தடாலென்று விழுகிறதோ அதுதான் ஆள். டர்போ சூட்டில் முப்பது வருஷம் வெந்த ரப்பர், கை பட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும், பார்த்து. கார்புரேட்டர் ஸ்பிரேயை அடித்துத் தேடாதே, அந்த இடுக்கில் டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு முழம் ட்யூபைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாக நகர்த்தினால் உஸ்ஸென்று சத்தம் வருகிற இடத்தில் தெரிந்துவிடும்.

த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடாதே. கம்பெனியில் வைத்த இடத்தில் இருக்கட்டும். டாக்ஸி ஃபியட் ஒன்றில் பேக்கிங் லீக் இருந்ததைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகி இறக்கிக் கொடுத்தேனே, கல்லாறு தாண்டி வளைவில் ஆஃப் ஆகி நின்றது. அவர் வந்து திட்டியதை நீயும்தான் கேட்டாய். ஸ்க்ரூவைத் தொடாதே.

டேஷ் கடிகாரத்தில் மணி 2.10. ராத்திரி 2.10-க்கு எதற்கு வண்டி வேலை? வீடியோ முடிகிற இடத்தில் போன் திரும்பியபோது சுவர் தெரிந்தது. பாப்பா சைக்கிளை மாட்டி வைத்திருந்த சுவர் அது இல்லை. ஒரு மடக்குக் கட்டிலும் அதன்மேல் அம்மா கொடுத்தனுப்பிய சென்னிமலைப் பெட்ஷீட்டும் இருந்தது. அம்மாவிடம் இன்னும் வீடியோவைக் காட்டவில்லை. பாப்பாவின் அம்மா முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள் என்று மட்டும் அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. 96-ல் நாலு மாதம் பட்டறையில் படுத்திருந்தேன், வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் தம்பி. ஒரு வேலையும் இல்லை. ஓனர் விட்டுப்போன ஒரே ஒரு வண்டி நின்றது, அதைத்தான் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். நீ ஸ்கூல் விட்டுத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாய். தினமும் சோற்றுக்கு அடியில் அம்மா ஒரு அவித்த முட்டை வைத்திருப்பாள். நாலு மாதமும் அந்த முட்டையைத் தின்றேன், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நீ வாசலில் நின்று "எப்பங்கப்பா வருவீங்க" என்று கேட்டதற்கு ஸ்பானரை எடுத்துக்கொடு என்றேன். உன் பாட்டி செத்த அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போனேன். நானாகப் போகவில்லை. அம்மாவும் அதை இதுவரை பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கிழிக்கலாம் என்றால் பின்பக்கம் கேபிள் விஷயம் இருக்கிறது.

பாப்பாவுக்கு அம்மா தேன்குழல் சுட்டு வைத்திருக்கிறாள். எந்த அட்ரஸுக்கு அனுப்புவது என்று சொல். இரண்டு அட்ரஸ் என்றால் இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறேன்.

கேபிளில் தொய்வு இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல். பார்த்த உடனே கூப்பிடு. அங்கே ராத்திரி இரண்டு என்றால் இங்கே ஏழரை மணிதான், நான் திண்ணையில்தான் இருப்பேன். போனை பேனட்டில்... பின்னால்தானே இன்ஜின், பின் மூடி மேல் வைத்துவிட்டு வேலை பார், நான் சத்தம் கேட்டுச் சொல்கிறேன். ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு.

இப்படிக்கு
அப்பா