வாலிபர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சபைகளின் ஆயர்களுக்கும் வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

எந்த வாலிபர் கூடுகைக்குப் போனாலும் செல்போன் விளையாட்டைக் கண்டித்து ஒரு செய்தி இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜியை அரசே தடை செய்தபோது பெற்றோர் பலர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பையன்கள் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. அதற்குள் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்துவிட்டது. தடை போட்டு அடக்கிவிடக்கூடிய ஆசையாக எனக்கு இது தெரியவில்லை.

ஒருநாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். நாலு பேர் ஒரு ஸ்குவாட். குண்டடிபட்டு விழுந்தவன், "நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுடா" என்று கத்துகிறான். இன்னொருவன் தான் சாகக்கூடும் என்று தெரிந்தும் வெட்டவெளியில் ஓடிப்போய் அவனைத் தூக்கிவிடுகிறான். எதற்கும் உதவாதவன் என்று வீட்டில் பேச்சு வாங்குகிற பையன், அந்த அரைமணி நேரம் யாரோ ஒருவனுக்குத் தேவைப்படுகிறான். இந்த ஏக்கத்தை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுப்பதைவிட அதிகமான அன்பு இல்லை என்று சொல்லி, அப்படியே செய்தும் காட்டியவரின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே செத்தவன் அடுத்த மேட்சில் எழுந்து வந்துவிடுகிறான். தைரியத்துக்கு விலையே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போனைக் கீழே வைக்கும்போது நிஜத்தில் யாரும் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள். தூக்கம் போனது மட்டும் நிஜம். சரி, கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கண்டித்த கையோடு அவர்களுக்கு நாம் என்ன வேலை தருகிறோம்? நாற்காலி போடுவது, அசன விருந்தில் பரிமாறுவது, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவது.

வேதாகமத்தில், எதிரிகளான மீதியானியருக்குப் பயந்து ஒளிவாகக் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோனைத் தூதன் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிட்டான். கூடவே, உனக்கிருக்கிற பலத்தோடே போ என்ற கட்டளையும் வந்தது. ஐடா ஸ்கடர் கதையை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தும், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவிக்காக உதவி கேட்டு வந்தார்கள். பெண் மருத்துவர் இல்லாமல் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஒரு உயிர் தன்னை நம்பி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வந்தது. நம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அதை எப்போது தெரியவைக்கப் போகிறோம்?

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்தார் சமைத்துப் போட்டார்கள். போனும் கையுமாகத் திரிகிறான் என்று நாம் திட்டிய பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்ததை நானே பார்த்தேன். தண்ணீர் வடிந்தது, அப்புறம் அவர்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

அவர்களைக் கூப்பிடுங்கள். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள் சேர்ந்த சேகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ள மீட்புக் குழு அமையுங்கள். முதலுதவியும் கயிறு கட்டி மீட்பதும் கற்றுத்தரச் சொல்லித் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். படுக்கையில் கிடக்கிற முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளே போய் எழுதட்டும். சபையார் வீடு மட்டும் போதாது, தெரு முழுக்க எழுதட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் போடுங்கள். மழை இல்லாத மாதங்களில் டயாலிசிஸுக்குத் தனியாகப் போகிறவர்களுடன் துணைக்கு அனுப்புங்கள். நீ போகாவிட்டால் அங்கே போக ஆள் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் கூடுகிற சேகர கமிட்டியிலேயே இதை எடுத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வாலிபரில் நாலு பேரையும் அழையுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்