இரண்டு முறை சாம்பியன், பிறகு ஊரே இல்லை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

கதிரின் கேள்விக்கு வருகிறேன். ஆர்மேனியக் கால்பந்து லீக்கில் 1998-இல் த்செமென்ட், 2000-இல் அராக்ஸ் சாம்பியன், அப்புறம் இரண்டையும் காணோமே என்று கேட்டிருந்தான். இரண்டும் ஒரே அணிதான், அராரத் என்ற சின்ன ஊரின் அணி. தலைநகர் யெரெவானில் அராரத் என்றே ஒரு புகழ்பெற்ற அணி உண்டு, 1973-இல் சோவியத் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. அது வேறு, குழம்பிவிடப் போகிறான்.

இந்த அராரத், துருக்கி எல்லையை ஒட்டிய சமவெளியில் சிமென்ட் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். அராரத் மலை கண்ணெதிரே நிற்கும், ஆனால் இருப்பது துருக்கியில். அந்த எல்லையையும் 1993-இல் மூடிவிட்டார்கள். சோவியத் காலத்தில் ரயில்வேக்கு லோகோமோட்டிவ், சுரங்கத்துக்கு ஷக்தார் என்று தொழிலை வைத்தே அணிகள் இருந்தன. இந்த ஊருக்கு வாய்த்தது த்செமென்ட், அதாவது சிமென்ட்.

அவர்கள் வென்ற காலத்தை நினைத்துப் பார். 1988 நிலநடுக்கத்துக்குப் பிறகு மெட்சமோர் அணுமின் நிலையத்தை மூடினார்கள். பிறகு அஜர்பைஜானோடு போர், எல்லை அடைப்பு. தலைநகரிலேயே நாளுக்குச் சில மணி நேரம்தான் மின்சாரம், குளிருக்கு மரங்களை வெட்டி எரித்தார்கள். 1995-இல்தான் மெட்சமோர் மறுபடி ஓடியது. அடுத்த மூன்றே வருடத்தில் சுமார் இருபதாயிரம் பேர் வாழும் ஊர் லீக், கோப்பை இரண்டையும் தட்டிச் சென்றது! 1999-இல் மறுபடி கோப்பை. 2000-இல் எல்லை ஆறான அராக்ஸின் பெயரை வைத்துக்கொண்டு இரண்டாவது லீக் பட்டம்.

அத்தோடு சரி. சாம்பியன் அணியை யெரெவானுக்குக் கொண்டுபோய் ஸ்பார்ட்டக் ஆக்கினார்கள். 2003-இல் அதையும் பனான்ட்ஸ் அணியோடு சேர்த்துவிட்டார்கள். தோற்றுக் கலைந்திருந்தால்கூட மனம் ஆறும். ஜெயித்த அணியை ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2001 முதல் பத்து வருடம் தொடர்ந்து சாம்பியன் யெரெவானின் ப்யூனிக் அணிதான். மார்துனி என்ற ஊரில் பிறந்த அலாஷ்கெர்ட் அணியும் யெரெவானுக்குக் குடிபோன பிறகே 2016-இல் பட்டம் பார்த்தது. கும்ரியின் ஷிராக் 2013-இல் வென்றதே, அது நாட்டின் இரண்டாவது பெரிய நகரம்.

பனான்ட்ஸுக்கு இப்போது உரார்த்து என்று பெயர். 2023-இல் அது லீக்கை வென்றபோது, அதில் த்செமென்ட்டுக்கும் பங்கு உண்டு என்று யாராவது வம்சாவளி பேசலாம். நான் ஒப்ப மாட்டேன். அராரத் ஊர்க்காரர்கள் நடந்துபோய்ப் பார்க்க முடியாத ஆட்டம் அவர்களுடைய அணியின் ஆட்டமாகாது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
ரவி